டயல்-அப் லைனில் டிநெட்சி: லைன் இல்லாதபோதும் ஓடுகிறதா?

டயல்-அப்பில் பகிர்வுக் கணிப்பு (ஒரு பெரிய கணக்கைத் துண்டுகளாக்கிப் பலருடைய கணினிகளில் ஓட்டுவது) ஓட்ட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, 56கே மோடம் தாங்குமா என்பதுதான். தாராளமாகத் தாங்கும். வேகத்தில் சிக்கல் இல்லை, லைன் எப்போதும் இருக்காது என்பதில்தான் சிக்கல். கணினி நாள் முழுக்க உழைக்கும், லைன் கிடைப்பதோ பத்து நிமிடம். அதற்குள் ஒரு வாரத்து வேலையை வாங்கி, முடித்ததை ஒப்படைத்துவிட்டு, இணையம் என்று ஒன்று இருப்பதையே மறந்து ஓடுகிற மென்பொருள்தான் நமக்கு வேண்டும். அந்த அளவுகோலில் டிஸ்ட்ரிபியூட்டட்.நெட் அமைப்பின் டிநெட்சியை மற்றவை நெருங்கவில்லை.

இதில் ஓடுவது ஆர்சி5-72 என்ற வேலை, அதாவது பூட்டிய ரகசியச் செய்தி ஒன்றைத் திறக்கும் சாவி எண்ணை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுவது. 2002 டிசம்பர் 3-ல் தொடங்கியது. சாத்தியமான சாவிகள் சுமார் 4.7 கோடி கோடி கோடி, ஆகவே அவசரமே இல்லை. டயல்-அப்காரருக்கு இதில் பிடிப்பது சர்வர் அனுப்பும் வேலைப் பொட்டலத்தின், அதாவது பாக்கெட்டின், சிறுமை. "இந்த எண்ணில் தொடங்கு, இத்தனை சாவி பார்" என்பதும், ஒப்பிட்டுப் பார்க்கச் சில பைட்டுகளும், அவ்வளவுதான் ஒரு பாக்கெட். வேலையை அளக்கும் ஒரு யூனிட் என்பது 429 கோடி சாவிகள். நொடிக்கு 10 லட்சம் சாவி பார்க்கும் பழைய கணினிக்கு அது சுமார் 72 நிமிட வேலை, நாளைக்கு 20 யூனிட், வாரத்துக்கு 140. அத்தனையும் சேர்ந்து மோடத்தில் வந்து இறங்க எடுக்கும் நேரத்தைவிட மோடம் கீச்சிட்டு இணைப்புப் பிடிக்கும் நேரம்தான் அதிகம்.

கான்ஃபிக் மெனுவில் இரண்டாவதாக வரும் பஃபர் பகுதியில்தான் உயிர் இருக்கிறது. செய்ய வேண்டிய வேலை காத்திருக்கும் கோப்பு இன் பஃபர், முடித்தது காத்திருக்கும் கோப்பு அவுட் பஃபர். எவ்வளவு நேரத்து வேலையை இருப்பு வைக்க வேண்டும் என்பதை ஃபெட்ச் டைம் த்ரெஷோல்டு மணிக்கணக்கில் கேட்கும். வாரம் ஒரு முறை டயல் செய்கிறவர் 168 கொடுக்காமல் 200 கொடுப்பது நல்லது. அடுத்த வாரம் லைன் ஒரு நாள் தள்ளிப்போனாலும் கணினி சும்மா இருக்காது. அதற்காக மாதக்கணக்கில் அள்ளிப் போடவும் வேண்டாம். ரொம்ப நாள் திரும்பாத பாக்கெட் வேறொருவருக்குப் போகலாம்.

டயல்-அப் கண்டறிதல் என்ற அமைப்பில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையில் பஃபர் காலியானால் அதுவே இணையத்தைத் தேடும். இரண்டாவதில், நீங்கள் வேறு எதற்காகவோ டயல் செய்தாலும் அந்தச் சாக்கில் கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொள்ளும், ஆனால் பஃபர் தீர்ந்தால் தானாக டயல் செய்யவும் பார்க்கும். மூன்றாவதும் இதே மாதிரிதான், டயலை மட்டும் ஒருபோதும் தூண்டாது. மூன்றாவதையே தேர்ந்தெடுங்கள். பஃபர் தீர்ந்துவிட்டால் சும்மா இருக்காமல் குத்துமதிப்பாக ஒரு பாக்கெட்டை உருவாக்கி அதில் தேடும். யாரோ ஏற்கெனவே தேடிய இடமாகவும் அது இருக்கலாம் என்பதால் அதை நம்பி பஃபரைச் சின்னதாக வைக்காதீர்கள்.

முதல் இரண்டு நிலைகளில் வரும் தொல்லைக்கு விண்டோஸும் காரணம். இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் இணைப்பு இல்லாதபோதெல்லாம் டயல் செய் என்று இருந்தால், நடுராத்திரி இரண்டு மணிக்கு மோடம் தானாக எழுந்து கத்தும். அங்கே ஒருபோதும் டயல் செய்யாதே என்பதை வையுங்கள். பல்ஸ் கணக்கில் போன் பில் கட்டிய நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் கால் வெயிட்டிங் வைத்திருப்பவர்கள் எண்ணுக்கு முன்னால் *70 போட்டு ஒரு காற்புள்ளி வைப்பார்கள், இல்லையென்றால் குறுக்கே வரும் பீப் ஒலியில் லைன் அறுந்துவிடும். அறுந்தாலும் டிநெட்சியில் பெரிய நஷ்டம் இல்லை. போய்ச் சேராத பாக்கெட் அவுட் பஃபரிலேயே கிடந்து அடுத்த முறை போகும்.

குறை என்று சொன்னால், பாதி வேலையை அவ்வப்போது பதிந்து வைக்கும் செக்பாயின்ட் ஃபைலை நாமே பெயர் கொடுத்து இயக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மின்வெட்டில் பாதி முடிந்த பாக்கெட் முதலிலிருந்து தொடங்கும். பஃபரில் இருப்பவை பத்திரம், நடப்பில் இருந்தது மட்டும் போகும். மின்சாரம் வந்து வந்து போகும் ஊரில் 72 நிமிடம் சின்ன விஷயமல்ல. மின்னஞ்சல் முகவரியைப் போட மறந்தால் செய்த வேலை பொதுக் கணக்கில் சேரும், உங்கள் பெயரில் ஒரு யூனிட்டும் ஏறாது. மலிவான சாஃப்ட்மோடம் என்றால் அது தன் வேலையை பிராசஸரிடமே தள்ளிவிடும், இணைப்பில் இருக்கும்வரை சாவி எண்ணிக்கை குறையும். மென்பொருளைத் திட்டிப் பயனில்லை.

மற்றவற்றையும் பார்த்துவிடலாம். 1999 மே மாதம் பெர்க்லியிலிருந்து வந்த, வேற்றுக்கிரகவாசிகளின் சமிக்ஞை தேடும் செட்டி அட் ஹோம், ஒரு யூனிட்டுக்கு அரெசிபோ வானொலித் தொலைநோக்கியின் 107 விநாடிப் பதிவை அனுப்பியது. கால் மெகாபைட் தரவு, எழுத்துருவாக மாற்றியதில் சுமார் 340 கிலோபைட் ஆகும். நொடிக்கு 5 கிலோபைட் வரும் லைனில் ஒரு நிமிடம் சொச்சம்தான். ஆனால் பழைய கிளையன்ட் ஒரு நேரத்தில் ஒரு யூனிட்டை மட்டுமே வைத்துக்கொள்ளும். முடிந்தால் டயல் செய்தே ஆக வேண்டும். செட்டி க்யூ, செட்டி டிரைவர் போன்ற வெளியார் கருவிகள் பிறந்ததே இந்த ஓட்டையை அடைக்கத்தான். 2020 மார்ச் 31-க்குப் பிறகு அந்தத் திட்டம் வேலை அனுப்புவதையும் நிறுத்திவிட்டது.

புரதங்கள் மடிவதைக் கணக்கிடும் ஃபோல்டிங் அட் ஹோமை டயல்-அப்பில் சேர்க்காதீர்கள். ஆறாம் பதிப்பில் 5 மெகாபைட்டுக்குக் கீழ் என்று ஒரு சின்ன அளவுத் தேர்வு இருந்தது உண்மைதான். நாலு மெகாபைட் என்றாலே பதிமூன்று நிமிடத்துக்கு மேல், அதுவும் இறக்கும்போது. ஏற்றும் வேகம் வி.90 மோடத்தில் 33.6 கிலோபிட்டைத் தாண்டாது. போதாக்குறைக்கு முடித்துத் தரக் கெடுவும் உண்டு.

டிநெட்சிக்குப் போட்டி என்றால், மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் பிரைம் 95 ஒன்றுதான் இருந்தது. அதன் பழைய முறையில் பகா எண் சோதனை வாரக்கணக்கில் ஓடும், முடிவாக சர்வருக்குப் போனது 64 பிட் மீதி எண். டயல்-அப்புக்கென்றே தனித் தேர்வும் அதில் உண்டு. ஆனால் அந்த முறையில் நினைவகமோ பிராசஸரோ கொஞ்சம் தடுமாறினாலும் அத்தனை வார வேலையும் சந்தேகத்துக்குள்ளானது. ஓவர்கிளாக் செய்த (நிர்ணயித்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்டும்) பெட்டி என்றால் முதலில் அதிலுள்ள டார்ச்சர் டெஸ்ட் என்ற கடும் சோதனையை ஓட்டிப் பாருங்கள்.

மோடமே இல்லாத இன்னொரு கணினி வீட்டில் கிடந்தால் அதையும் டிநெட்சியில் சேர்க்கலாம். மோடம் உள்ள பெட்டியில் தனிக் கோப்பகத்தில் ஃபெட்ச் கட்டளை கொடுத்து இன் பஃபரை நிரப்பி, ஃப்ளாப்பியில் எடுத்துப்போய் இம்போர்ட் கட்டளையால் சேர்க்க வேண்டும். திரும்பும்போது அவுட் பஃபர் அதே ஃப்ளாப்பியில் வரட்டும், மோடம் உள்ள பெட்டியில் ஃப்ளஷ் கட்டளை கொடுத்தால் சர்வருக்குப் போய்விடும். ஒரே இன் பஃபரை நகலெடுத்து இரண்டு கணினியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே சாவிகளைத் தேடிக்கொண்டிருக்கும்.