ஸ்டீல் கியர் நாப்: குமிழ் நன்று, அடாப்டர் மோசம்

‘எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்கப்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கியர் நாப் (கியர் லிவரின் நுனியில் கையால் பிடிக்கும் குமிழ்) ஒன்றை, ஐந்து கியர் கொண்ட என் பழைய ஹோண்டா சிட்டியில் மாட்டி ஓட்டி வருகிறேன். நாப் நல்ல பொருள். அதனுடன் வரும் அடாப்டர், அதாவது நாப்பை லிவரோடு இணைக்கும் துண்டு, நம்பத் தகாத பொருள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போடுவது வாங்குகிறவர்களுக்கு உதவாது என்பதால், தனித்தனியாகவே எழுதுகிறேன்.

பெட்டியில் இருப்பவை: நாப், மூன்று அலுமினிய அடாப்டர்கள், மூன்று சிறிய கிரப் ஸ்க்ரூக்கள் (தலை இல்லாத திருகாணிகள்), அவற்றைத் திருக ஒரு எல்-கீ. குமிழ் முழுத் திண்மமான எஃகில் கடைந்தது. கையில் எடுத்தவுடனே கம்பெனி நாப்பைவிடக் கனம் என்பது தெரிகிறது. கடைசல் வேலையில் குறை சொல்ல ஏதுமில்லை. விளிம்பில் விரலைக் கீறும் பிசிறு இல்லை, மெருகு சீராக இருக்கிறது, கியர் வரிசைப் படமும் ஒட்டுத்தாளாக இல்லாமல் உலோகத்திலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் செதுக்கியிருப்பது ஆறு கியர் படம். என் காரில் ஐந்தாவதற்கு நேர் கீழே ரிவர்ஸ் இருக்கிறது. படத்திலோ அந்த இடத்தில் ஆறு என்று போட்டிருக்கிறது. நாம் பழகிக்கொள்ளலாம், ஆனால் வண்டியைப் புதிதாக ஓட்டும் ஒருவர் அதை நம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

இனி அடாப்டருக்கு வருகிறேன். நாப்பின் அடியில் இருப்பது மரை (திருகுப் புரி) இல்லாத வழுவழுப்பான துளை. அடாப்டரை லிவரின் மரையில் திருகி, அதன்மேல் நாப்பைக் கவிழ்த்து, மூன்று பக்கமும் கிரப் ஸ்க்ரூவால் இறுக்க வேண்டும் என்பதே இதன் அமைப்பு. மூன்று அடாப்டர்களும் 8, 10, 12 மில்லிமீட்டர் அளவுகளில் இருக்கின்றன என்று பெட்டி சொல்கிறது. அது சொல்லாமல் விட்டது மரையின் பிட்ச், அதாவது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள இடைவெளி. மூன்றுமே 1.25 மில்லிமீட்டர் பிட்ச் கொண்டவை. டொயோட்டா கார்களின் லிவரில் பொதுவாக 12-க்கு 1.25 (12 மில்லிமீட்டர் விட்டம், 1.25 பிட்ச்) மரையும், மிட்சுபிஷி கார்களில் 10-க்கு 1.25 மரையும் இருப்பதால் அவற்றுக்கு இவை சரியாக அமையும். ஹோண்டாவின் லிவரோ 10-க்கு 1.5. விட்டம் ஒன்றுதான் என்பதால் அடாப்டர் லிவரின் நுனியில் தாராளமாக உட்கார்ந்து, முதல் சுற்றில் சந்தேகமே எழாதபடி ஏறிவிடுகிறது. அதன்பின் சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர் வீதம் விலகிக்கொண்டே போய், மூன்றாம் சுற்றுக்குள் ஒரு புரியின் முகடு மற்றதன் பள்ளத்தில் விழாமல் முகட்டின்மேலேயே ஏறி இறுகுகிறது. அந்த இடத்தில் நிறுத்திக் கழற்றிவிட்டால் சேதம் இல்லை.

வேலூரில் நான் நாப்பை வாங்கிய துணைப்பொருள் கடையில் அப்படி நிறுத்தவில்லை. பொருத்திக் கொடுக்கக் கட்டணம் இல்லை என்றார்கள். பொருத்திய பையன் கை இறுகியதும் பிளையரை எடுத்து, ‘புதுசு சார், அப்படித்தான் டைட்டா இருக்கும்’ என்று மேலும் திருகிவிட்டான். மென்மையான அலுமினியம் எஃகு மரையில் அரைபட்டு அப்பிக்கொண்டது. நாப் சற்றே சாய்வாக நின்றது. சில வாரங்களில் கிரப் ஸ்க்ரூ தளர்ந்து ஆடவும் தொடங்கியது. நாப்பை எடுத்தால் அடாப்டர் மட்டும் லிவரோடு ஒன்றிப்போய் நின்றது. திரும்பிப் போய்க் காட்டியபோது, ‘உங்க லிவர் மரை தேஞ்சிருக்கு’ என்று வண்டியின்மேல் பழியைப் போட்டார்கள். அந்தக் கடைக்கு இந்த மதிப்புரையில் ஒரு நட்சத்திரமும் கிடையாது.

மதிப்பெண் போட வேண்டுமானால் அதை வேலூர் கொணவட்டத்தில் இருக்கும் சிறிய லேத் (கடைசல்) பட்டறைக்குத்தான் போடுவேன். பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்றே அழைக்கிறார்கள். அவர் காருக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, எதையும் தொடாமல் முதலில் கேட்டது, ‘பழைய நாப்பு வெச்சிருக்கீங்களா சார்?’ என்பதைத்தான். அதன் உள்மரையில் ஒரு சாதாரணப் பத்து மில்லிமீட்டர் போல்ட்டை விரலால் திருகினார், தடையில்லாமல் இறங்கியது. பெட்டியில் மீதமிருந்த அடாப்டர்களைக் கையில் வாங்கி, புரி இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜை வைத்துப் பார்த்து, ‘இது நைஸ் மரை சார், உங்களுது முரட்டு மரை’ என்றார். ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பத்து மில்லிமீட்டர் போல்ட்டின் மரை 1.5 பிட்ச்தான். ஹோண்டா வைத்திருப்பவர்கள் எந்த நாப் வாங்கினாலும் அப்படி ஒரு போல்ட்டை எடுத்துப் போய்க் கடையிலேயே சோதித்துக்கொள்ளலாம்; விரலால் கடைசிவரை இறங்காத அடாப்டரை வாங்கவே கூடாது.

கழற்றும் வேலையில் பாய் காட்டிய பொறுமையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கன்சோலையும் கியர் லிவரின் தோல் உறையையும் பழைய துணியால் மூடி, மரையின் மேலும் கீழும் ஊடுருவு எண்ணெய் விட்டு ஊறவைத்தார். பைப் ரெஞ்சை மாட்டி ஒரே திருகாகத் திருகுவது எளிது. ஆனால் இந்த வண்டியில் லிவரின் அடிப்பகுதி பிளாஸ்டிக் புஷ்களில் (உருளை வளையங்களில்) உட்கார்ந்து கேபிள்களை இழுக்கிறது என்பதால், மேலே கொடுக்கும் முறுக்கு முழுவதும் அங்கே போய்ச் சேரும். ஆகவே மரைக்குக் கீழே உள்ள வழுவழுப்பான தண்டில் தோல் துண்டைச் சுற்றி, ஒரு வைஸ் கிரிப்பால் (பிடித்த இடத்தில் பூட்டிக்கொள்ளும் பிளையரால்) லிவரை அசையாமல் பிடித்துக்கொண்டார். பிறகு சூடான காற்றை ஊதும் ஹீட் கன். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும் என்பதால் பல நேரம் இதிலேயே பிடி விட்டுவிடும். கேஸ் டார்ச் அவரிடம் இருந்தும், பிளாஸ்டிக்குக்கு நடுவில் அதைப் பயன்படுத்த மறுத்துவிட்டார்.

அடாப்டர் அதற்கும் மசியவில்லை. கடைசியில் அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஹாக்சா பிளேடால் ஒரு வெட்டுப் போட்டார். லிவரின் மரையைத் தொடும் முன்பு, ஒரு தாள் கனம் உலோகம் மிஞ்சும் இடத்தில் நிறுத்தி, அந்த வெட்டில் தட்டையான ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து முறுக்கியபோது அடாப்டர் வாய் பிளந்து கையோடு வந்தது. வேகமாக அறுத்திருந்தால் லிவரே போயிருக்கும். மரையில் அப்பியிருந்த அலுமினியத்தைக் கம்பி பிரஷால் துடைத்து, மரை வெட்டும் கருவியான 10-க்கு 1.5 டையை எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே கால் சுற்றுப் பின்னே என்று ஓட்டி மரையை மீட்டார். நாப்பில் ஒரு கிரப் ஸ்க்ரூவின் ஆறுகோணக் குழி வழுக்கி வட்டமாகியிருந்தது. சற்றே பெரிய டார்க்ஸ் பிட்டை (நட்சத்திர வடிவ முனையை) அதில் தட்டி இறக்கி அதையும் கழற்றிவிட்டார்.

அடாப்டருக்கு மாற்றாகப் பித்தளைக் கம்பியில் ஒரு புஷ் கடைந்து, உள்ளே 1.5 மரை போட்டு, வெளிவிட்டத்தை நாப்பின் துளைக்கு இறுக்கமாக வரும்படி அமைத்துக் கொடுத்தார். எஃகு மரையில் பித்தளை அலுமினியத்தைப் போல எளிதில் அப்பிப் பிடிக்காது, கடையவும் சுலபம். புஷ்ஷுக்குக் கீழே ஒரு லாக் நட் வைத்ததால், கியர் படம் நேராக நிற்கும் நிலையில் நாப்பை நிறுத்தி, நட்டை மேல்நோக்கி இறுக்கினால் போதும். அன்று முதல் ஆட்டம் இல்லை. கூலியாக அவர் கேட்டது நாப்பின் விலையில் பாதிகூட வராது. கூட்டம் இருக்கும் நாளில் காத்திருக்க வேண்டும் என்பதும், ரசீது தரமாட்டார் என்பதும் மட்டுமே குறைகள்.

சரியாகப் பொருத்திய பிறகுதான் நாப்பின் அருமை தெரிந்தது. லிவரின் நுனியில் எடை கூடியதால், நகர்த்தத் தொடங்கியபின் அது தன் வேகத்திலேயே போய் கியரில் விழுகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது வழியில் இருந்த அந்தச் சிறு முரண்டு இப்போது விரலுக்குத் தெரிவதில்லை. ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டும் மூன்றுமாக மாற்றிக்கொண்டே ஏறும்போது இது உண்மையான சுகம். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசலில் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே முதல் கியரைத் தாண்டினால்தானே! கியர்பாக்ஸில் கோளாறு உள்ள வண்டிக்கு இது மருந்தாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரிவர்ஸுக்கு வளையத்தைத் தூக்கும் அமைப்புள்ள கார்களில், இந்த நாப்பில் அந்த வளையத்துக்கு வழியே இல்லை என்பதால் வாங்கவே வேண்டாம்.

வேலூர்க்காரர்கள் யோசிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அக்னி நட்சத்திர நாட்களில் வெயிலில் நிறுத்திய காரில் இந்தக் குமிழைத் தொட முடியாது. உள்ளங்கை உண்மையாகவே சுடும். ஏசி போட்ட பிறகும் கனமான எஃகு ஆறுவதற்கு நேரம் எடுக்கிறது. ராணிப்பேட்டையும் ஆம்பூரும் பக்கத்தில் இருக்கையில் தோலுக்குப் பஞ்சம் இல்லை என்பதால், பை தைப்பவரிடம் கொடுத்து ஒரு தோல் உறை தைத்துக்கொண்டேன். ஏப்ரலில் மாட்டி, மழை தொடங்கியதும் கழற்றிவிடுகிறேன். உறை போட்டால் அந்த ஆறு கியர் படமும் மறைந்துவிடுகிறது.