இரட்டை எஞ்சின் போட்டுக்குக் கேபிள் சிங்க்ரனைசரா, மின்னணு சிங்க்ரனைசரா?

எங்கள் போட்டில் இரண்டு டீசல் எஞ்சின்கள். மட்டக்களப்பு வாவியில் கட்டி, முகத்துவாரத்தால் வெளியே எடுத்து, 1942இல் மூழ்கிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் கிடக்கும் இடத்துக்குச் சுழியோடிகளை ஏற்றிப்போகும் வேலை. இரண்டு எஞ்சினையும் ஒரே வேகத்தில் வைக்கும் சிங்க்ரனைசர் மாற்ற வேண்டி வந்தபோது, மின்னணு வகை ஒன்றை வேறொருவர் போட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பழைய கேபிள் வகையிலேயே நின்றோம்.

சௌகரியத்தில் இரண்டும் ஒன்றுதான். ஒரு லீவரைத் தள்ளினால் மற்ற எஞ்சின் தானே பின்தொடரும். சத்தமில்லாமல் வேலை செய்வதில் மின்னணு ஒரு படி மேல். சிங்க்ரனைசரே இல்லாமல் காதால் கேட்டு ஓட்டுவதும் உண்டு, அதற்குச் செலவில்லை. 2:1 கியர் (எஞ்சின் இரண்டு சுற்றுக்குப் புரொப்பெல்லர் ஒரு சுற்று), மூன்று இதழ் புரொப்பெல்லர் உள்ள போட்டில் எஞ்சின்களுக்கிடையே நிமிடத்துக்கு 20 சுற்று வித்தியாசம் இருந்தால், இரண்டு விநாடிக்கு ஒருமுறை 'வூம்' என்று சத்தம் எழும்பித் தணியும். அது நிற்கும்வரை ஒரு லீவரை மெல்ல நகர்த்துவதுதான் வேலை. நீண்ட ஓட்டத்தில் அலுத்துப்போகும்.

எங்களுக்கு முடிவைத் தந்தது பழுது பார்க்கும் விஷயம். கேபிள் வகையில் ஒவ்வொரு எஞ்சினிலிருந்தும் சுழலும் கேபிள் ஒரு பெட்டிக்கு வரும், மோட்டார் சைக்கிள் ஸ்பீடோமீட்டர் கேபிள் மாதிரி. இரண்டும் ஒரே வேகம் என்றால் பெட்டி சும்மா இருக்கும். வித்தியாசம் வந்தால் பின்தொடரும் எஞ்சினின் த்ரொட்டிலை, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லீவரை, நகர்த்தும். அதனால் பழுது தன்னையே காட்டிக்கொடுக்கும். முன்னோடி எஞ்சின் (நாம் லீவரைத் தள்ளும் எஞ்சின்) பக்கக் கேபிள் அறுந்தால் மற்றது வேகம் இறங்கும், பின்தொடரும் பக்கம் அறுந்தால் ஏறும். எந்தப் பக்கம் என்று தேட வேண்டியதே இல்லை. உள்கம்பியை இழுத்தெடுத்து, துடைத்து, கிறீஸ் போட ஊர் மெக்கானிக்கே போதும்.

மின்னணு வகை, அதிலும் எஞ்சின் பெல்ட்டால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து வேகத்தை எடுப்பது, வேறு கதை. பின்தொடரும் எஞ்சினின் பெல்ட் தளர்ந்து வழுக்கினால் அந்த எஞ்சின் மெதுவாக ஓடுவதாகப் பெட்டி நினைத்து த்ரொட்டிலைக் கூட்டும். எஞ்சின் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டரும் அதே ஆல்டர்னேட்டரை நம்பினால் அதுவும் சேர்ந்து பொய் சொல்லும். முள்ளுகள் சமமாக நிற்கும், 'வூம்' சத்தம் மட்டும் கேட்கும். அப்போது காதைத்தான் நம்ப வேண்டும். இதோடு உப்புக்காற்று. மாரியில் போட் வாரக்கணக்கில் கட்டிக் கிடக்கும்போது இணைப்பு முனைகளில் பச்சை பிடித்துவிடும். கோடை தொடங்கியதும் சிங்க்ரனைசர் வருவதும் போவதுமாக இருக்கும்.

எந்த வகையானாலும் வேகம் ஏறி இறங்கி ஆடினால் முதலில் சிங்க்ரனைசரை நிறுத்திப் பாருங்கள். ஆட்டம் தொடர்ந்தால் பழுது எஞ்சினில்தான்: டீசல் ஃபில்டர் அடைப்பு, குழாயில் காற்று, அல்லது எஞ்சின் வேகத்தை நிலையாக வைக்கும் கவர்னர். நின்றுவிட்டால் த்ரொட்டில் லீவர் இறுக்கமா, இணைப்பில் தளர்வா, கேபிள் அதிகம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். உயர் வேகத்தில் மட்டும் ஒரு எஞ்சின் பின்தங்கினால் புரொப்பெல்லரில் வலைத்துண்டு சுற்றியிருக்கலாம். அதைச் சிங்க்ரனைசரால் சரிசெய்ய முடியாது. இழுத்துப் பிடித்து கொஞ்சநாள் மறைத்துத்தான் வைக்கும். இதற்காகவே இடையிடையே அதை நிறுத்தி லீவர்களைக் கையால் சமப்படுத்தி, எது எவ்வளவு முன்னே நிற்கிறது என்று பார்க்கிறோம். அப்புறம், முகத்துவாரத்தில் நுழையும்போதும் சுழியோடிகளை ஏற்றும்போதும் சிங்க்ரனைசர் நின்றேயிருக்க வேண்டும், எஞ்சின்களைத் தனித்தனியாக ஆள வேண்டிய இடங்கள் அவை.

கேபிளுக்கும் குறை உண்டு: புதிய எஞ்சின்கள் பலவற்றில் அதைப் பூட்ட இடமே இல்லை. அப்படியானால் மின்னணுதான், ஆனால் எஞ்சினோடு நேராகச் சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தின் பல்லிலிருந்து வேகம் எடுக்கும் சென்சார் உள்ளதைக் கேளுங்கள், பெல்ட் பிரச்சினை அங்கே இல்லை. எஞ்சினின் கணினியே சமப்படுத்தும் புதிய வகையைக் கொஞ்ச நேரம்தான் ஓட்டியிருக்கிறேன். ஓட்ட நன்றாகவே இருந்தது. நாலைந்து மாரி தாண்டிய ஒன்றை வைத்திருப்பவர்தான் அதன் பராமரிப்பைச் சொல்ல வேண்டும்.