ஹேக்மேன் நிறுத்தினார், ஈஸ்ட்வுட் நிறுத்தவே இல்லை

ஹாலிவுட் நடிகர்களான ஜீன் ஹேக்மேன், கிளின்ட் ஈஸ்ட்வுட் இருவரும் 1930இல் பிறந்தவர்கள். இருவருக்கும் 74 வயதான 2004இல் ஒருவர் நடிப்பையே விட்டுப் போகிறார், இன்னொருவர் 'மில்லியன் டாலர் பேபி' எடுத்து அடுத்த பிப்ரவரியில் சிறந்த இயக்குநர், சிறந்த படம் என்று ஆஸ்காரை அள்ளுகிறார்.

ஹேக்மேனின் கடைசிப் படம் 'வெல்கம் டு மூஸ்போர்ட்' என்ற சுமாரான காமெடி. 'தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' நடிகர் இப்படியா முடிப்பார் என்று ரசிகர்களுக்கு ஆதங்கம்தான், ஆனால் மனிதர் திரும்பியே பார்க்கவில்லை. அமெரிக்காவின் சான்டா ஃபே நகரில் உட்கார்ந்து நாவல் எழுதினார், 2025இல் 95 வயதில் இறக்கும்வரை வேறு படத்தில் நடிக்கவில்லை.

ஈஸ்ட்வுட்டுக்கு அப்படி சினிமாவை விட்டு ஒதுங்கும் அவசியமே வரவில்லை, ஏனென்றால் அவர் 1971லேயே இயக்கத்துக்கு வந்துவிட்டார், மால்பாசோ என்ற சொந்த கம்பெனியும் கையில் இருந்தது. கேமராவுக்குப் பின்னால் வயதை யார் பார்க்கிறார்கள்? 2024இல், 94 வயதில், 'ஜூரர் நம்பர் 2' வந்தது. ஆனால் 2021இல் 'க்ரை மாச்சோ'வில் கௌபாயாக நடித்ததைப் பார்த்தபோது, இதை மட்டும் தவிர்த்திருக்கலாமே என்று தோன்றியது.

சரி, யார் பெரியவர்? 1992இன் 'அன்ஃபர்கிவன்' பாருங்கள். படத்தை இயக்கி ஹீரோவாகவும் நடித்தவர் ஈஸ்ட்வுட். நடிப்புக்கான ஆஸ்கார் போனதோ, கொடூர ஷெரிஃபாக வந்த ஹேக்மேனுக்கு. நடிப்பு மட்டும் என்றால் என் ஓட்டும் அவருக்கே.