பூட்டு நிற்காத மடக்குக்கத்தி: வேலூரில் வாங்குவோர் கவனத்துக்கு

வேலூர்க் கடைத்தெருவில் கறுப்புப் பெட்டியில் வைத்து ஒரு மடக்குக்கத்தி விற்கிறார்கள். பெட்டியின் மேல் 'டி2 ஸ்டீல், ஹெவி டியூட்டி' என்று அச்சிட்டிருக்கும். மரப்பிடி, இரு முனையிலும் பித்தளை நிறத்தில் உலோகம், கையில் எடுத்தால் நல்ல கனம். அந்தக் கனத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். விரித்த கத்தி மடங்காமல் பிடிக்க வேண்டிய பூட்டு அதில் நிற்காது. என் தம்பியின் வலது கை ஆள்காட்டி விரலைக் கிழித்தது அந்தக் கத்திதான். விரலை மடக்கும் நரம்பு தப்பியது எங்கள் நல்ல நேரம்.

நானும் தம்பியும் அணைக்கட்டு, பள்ளிகொண்டா பக்கம் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுக்கிறோம். இந்தத் தொழிலில் கத்தி இல்லாமல் ஒரு மணி நேரம் கூட நகராது. 16 மில்லிமீட்டர்க் குழாயை வெட்ட வேண்டும், நைலான் கயிறு அறுக்க வேண்டும், மூட்டைத் தையல் பிரிக்க வேண்டும். உறையில் போடும் நீளக் கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது. அதனால் மடக்கிப் பையில் போடுகிற, ஆனால் விரித்தால் உறுதியாக நிற்கிற கத்தி வேண்டும் என்று தேடினோம்.

கடைக்காரர் இனிமையாகப் பேசினார். "டி2 எஃகு சார், ஆயுளுக்கும் துருவே பிடிக்காது. பூட்டு யானை ஏறினாலும் அசையாது. உறை அசல் ஆம்பூர்த் தோல். லைசென்ஸ் எதுவும் வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்." விலை 1,850 ரூபாய். ஒரு காகிதத்தை எடுத்து அலகால் கீறிக் காட்டினார், காகிதம் இரண்டாக விழுந்தது. பில் கேட்டேன். கணினி வேலை செய்யவில்லை என்று சொல்லி, 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். பணத்தை யுபிஐயில் அனுப்பினேன். அந்தப் பதிவு பிறகு மிகவும் உதவியது.

அவர் சொன்ன நான்கில் ஒன்று கூட முழு உண்மையாக இல்லை.

இலவம்பாடிப் பக்கம் ஒரு கத்தரித் தோட்டத்தில் நாற்றுகளுக்கான நிழல்வலையை இறக்கிக்கொண்டிருந்தோம். சவுக்குக் கம்பத்தில் இறுகியிருந்த நைலான் முடிச்சைத் தம்பி அறுத்தான். முடிச்சு அறுந்த வேகத்தில் அலகின் முனை கம்பத்தில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. அதை வெளியே எடுக்கக் கையை மேலும் கீழுமாக லேசாக அசைத்தான். அவ்வளவுதான். அலகு அப்படியே மடங்கி விரல்மேல் விழுந்தது. துண்டை இறுக்கிச் சுற்றி, கையை உயர்த்திப் பிடித்தபடி அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தையல் போட்டு, டெட்டனஸ் ஊசியும் போட்டு அனுப்பினார்கள். விரல் இப்போது மடங்குகிறது. ஆனால் தம்பி வாரக்கணக்கில் வேலைக்கு வர முடியவில்லை.

இங்கேதான் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. மடக்குக்கத்தியால் ஒரு பொருளை வெட்டும்போது பூட்டுக்கு வேலையே இல்லை. வெட்டும் அழுத்தம் அலகை மேலும் விரியும் பக்கமாகத்தான் தள்ளுகிறது. முனையால் குத்தும்போதும், சிக்கிய அலகை அசைத்து இழுக்கும்போதும்தான் அது மடங்கப் பார்க்கும். பூட்டு தாங்க வேண்டியது அந்த ஒரு நொடியை. ஆகவே கடையில் காகிதம் கீறிக் காட்டுவது பூட்டைப் பற்றி எதையுமே நிரூபிக்காது. மாதக்கணக்கில் கயிறு அறுத்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று நினைப்பதிலும் அர்த்தமில்லை. பூட்டே இல்லாத பேனாக்கத்தியை நாம் எச்சரிக்கையாகத்தான் பிடிக்கிறோம், அது எப்போதும் மடங்கும் என்று தெரியும். பூட்டு உண்டு என்று சொல்லி விற்ற கத்தியை நம்பிப் பிடிக்கிறோம். பொய்ப் பூட்டு இருப்பதைவிடப் பூட்டு இல்லாமலிருப்பதே மேல் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அந்தக் கத்தியில் இருப்பது 'லைனர் லாக்' என்ற வகை. கைப்பிடிக்குள் இரு பக்கமும் உலோகத் தகடுகள் இருக்கும். ஒரு பக்கத் தகட்டில் நீளவாக்கில் ஒரு நாக்கை வெட்டி உள்நோக்கி வளைத்திருப்பார்கள். அலகை முழுவதும் விரித்ததும் அந்த நாக்கு தாவி வந்து, அலகின் வால்பகுதிக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும். ஒழுங்காகச் செய்தால் நல்ல பூட்டு இது, குறை சொல்ல முடியாது. இந்தக் கத்தியில் அந்த நாக்கு பிஸ்கட் டப்பா மூடியின் கனம்தான் இருக்கிறது. அது அலகின் வாலை முழுதாகத் தாங்கவில்லை, ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வால் தேய்க்கப்பட்ட சாய்வும் சரியில்லை. அதனால் பின்னாலிருந்து அழுத்தம் வந்தால் நாக்கு வழுக்கி விலகிவிடுகிறது. கைப்பிடியின் கனம் முழுவதும் உள்ளே இட்டு நிரப்பிய உலோகக் கட்டியால் வந்தது. எங்கள் தெரு லேத் பட்டறைக்காரர் திருகுகளைக் கழற்றிப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது.

அவரே அரத்தை எடுத்து அலகின் முதுகுப்புறத்தில் தேய்த்தார். டி2 என்பது அச்சுகளும் வெட்டும் கருவிகளும் செய்யும் கருவி எஃகு. அதில் கரிமம் ஏறக்குறைய 1.5 சதவீதம், குரோமியம் ஏறக்குறைய 12 சதவீதம். ஒழுங்காகக் கடினப்படுத்திய டி2 மேல் சாதாரண அரம் வழுக்கிக்கொண்டு போகும். இந்த அலகை அரம் சுலபமாகக் கடித்தது, தூள் உதிர்ந்தது. இது ஏதோ மென்மையான எஃகு. இன்னொன்றும் சொல்கிறேன். டி2 முழுமையான துருப்பிடிக்காத எஃகு அல்ல. ஈரத்தில் துடைக்காமல் போட்டால் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். எனவே 'டி2, துருவே பிடிக்காது' என்று ஒரே மூச்சில் சொல்லும் விற்பனையாளருக்குத் தான் விற்பது என்னவென்று தெரியாது, அல்லது தெரிந்தே பொய் சொல்கிறார். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதால் பயன் இல்லை. நல்ல கத்தி எஃகிலும் மட்டமான கத்தி எஃகிலும் காந்தம் ஒட்டும்.

'ஆம்பூர்த் தோல்' உறையின் வெட்டிய ஓரத்தைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே துணி. ரெக்சின்! ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று வீட்டுக்கு வீடு தோல் தொழில் தெரிந்த பகுதியில், எங்களிடமே ரெக்சினைத் தோல் என்று விற்ற துணிச்சலை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கடைக்குப் போய்க் கத்தியைக் காட்டினேன். முதலில் "நீங்கள் பிடித்த விதம் தப்பு" என்றார். பிறகு "கம்பெனி மால், நாங்கள் பொறுப்பில்லை" என்றார். எந்தக் கம்பெனி என்று கேட்டால் பதில் இல்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். தயாரித்தவர் பெயர் இல்லை, இறக்குமதியாளர் முகவரி இல்லை, எந்த நாட்டுப் பொருள் என்பது இல்லை, அதிகபட்ச விலையும் இல்லை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் எடையளவு விதிகளின்படி இவையெல்லாம் பெட்டிமேல் இருந்தாக வேண்டும். வாங்கும் முன் பெட்டியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே முகவரி இல்லை என்றால் நாளை நீங்கள் கேள்வி கேட்க ஆளே இல்லை என்று பொருள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த மாதிரிக் கடைகளுக்குச் சாதகமாக இல்லை. பில் தர மறுப்பதே அதன்படி முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் காலவரையறை குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று சுவரில் ஒட்டியிருக்கும் அட்டை, பழுதான பொருள் விஷயத்தில் சட்டத்தின் முன் நிற்காது. நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். கடை அதற்கும் அசையவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும், வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆற்காட்டிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் வேலூருக்கு வந்து பொருள் வாங்குகிறவர்கள் இந்தக் கடைசி வரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே செய்து பார்க்க வேண்டியது இது. அலகை விரித்துக் கைப்பிடியின் முதுகு வழியாக உள்ளே பாருங்கள். நாக்கு அலகின் வாலுக்குப் பின்னால் தெளிவாக ஏறி நிற்க வேண்டும். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதும் ஆபத்து, மறுபக்கத் தகடுவரை ஓடிப்போய் முட்டுவதும் தேய்மானத்துக்கு அடையாளம். பிறகு, விரல்கள் எதுவும் அலகு மடங்கும் வழியில் இல்லாமல் கைப்பிடியை இரு பக்கமும் பிடித்து, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து நிதானமாக அழுத்துங்கள். அசைந்தால் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அலகை இடவலமாக ஆட்டியும் பாருங்கள். கடைக்காரர் இதற்கெல்லாம் முகம் சுளித்தால் அதுவே போதுமான பதில்.

நல்ல கத்திகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964 முதல் செய்துவரும் 110 என்ற கத்தியில் பூட்டு முதுகுப்புறத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 200 கிராம் கனம், அந்தக் கனத்துக்கு நியாயமும் இருக்கிறது. பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் கழுத்தில் சுழலும் வளையமே பூட்டு. 1955இல் வந்த அந்த ஏற்பாட்டில், பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். எடை குறைவு, தோட்ட வேலைக்குப் போதும். அதன் கார்பன் எஃகு வகை துருப்பிடிக்கும், துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். இவற்றுக்கும் போலிகள் உண்டு என்பதால் முகவரியுள்ள பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

'எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்' என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள 2016ஆம் ஆண்டு விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நம் பைக்கத்தி அந்த அளவுக்குக் கீழேதான். ஆனால் டெல்லியில் பொத்தானை அழுத்தினால் விரியும் கத்திகளுக்கு 1980ஆம் ஆண்டு அறிவிக்கையில் 7.62 சென்டிமீட்டரிலேயே கட்டுப்பாடு தொடங்குகிறது. காட்பாடியில் வடக்கே ரயில் ஏறும்போது அந்த வகையைப் பையில் வைத்திருக்க வேண்டாம். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது, விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள். நீதிமன்றம், கோயில், மருத்துவமனை வாசலில் சோதனை உண்டு. வேலை முடிந்ததும் கத்தி கருவிப் பெட்டிக்குள் போய்விட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். போலீசார் கேட்டாலும் குழாய், கயிறு, ஸ்பேனரோடு இருக்கும் கத்திக்குக் காரணம் கேட்காமலே புரியும்.

அந்தக் கறுப்புப் பெட்டிக் கத்தி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் குத்தவோ நெம்பவோ அதைப் பயன்படுத்தாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பெட்டி, சீட்டு, பணம் செலுத்திய பதிவு மூன்றையும் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள். அலகு மடங்கும் விதத்தை, விரல்களை விலக்கி வைத்து, ஒரு காணொளியாக எடுத்துக்கொண்டு 1915இல் உங்கள் புகாரையும் பதியுங்கள். ஒரே கத்தியைப் பற்றிப் பலர் பதிந்தால் 'பிடித்த விதம் தப்பு' என்ற பதிலைக் கடைக்காரர் எல்லோரிடமும் சொல்ல முடியாது.