முதலில் கடைசிப் பக்கம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த நாவலை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவேன். கிண்டிலில் என்றால் நேராக 98 சதவீதத்துக்குப் போய்விடுவேன். கொலை செய்தது யார் என்ற ஆர்வமெல்லாம் கிடையாது. இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்களா, சேர்ந்து இருக்கிறார்களா, அது தெரிந்தால் போதும். இரண்டு ஆண்கள் காதலிக்கிற கதை என்றால் இடைவேளைக்குப் பிறகு ஒருவன் செத்துப்போவான், இல்லாவிட்டால் வீட்டுக்காக ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டுவான் என்று பார்த்துப் பழகிய தலைமுறை நான்.

ஆணும் ஆணும் காதலிக்கிற கதைகளுக்குக் கே ரொமான்ஸ் என்று ஒரு தனி வகையே இருக்கிறது, அதில் முடிவு நல்லபடியாக இருந்தே தீர வேண்டும் என்பது எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து நான்கு வருஷமாக, மாதா மாதம் 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. தாக்கல் முடிந்த கையோடு ஒரு புத்தகம். சரித்திரம், விண்வெளி, துப்பறியும் கதை, விளையாட்டு என்று மாற்றி மாற்றிப் படிக்கிறேன். பலவற்றின் அட்டையில் சட்டையில்லாத ஒரு நெஞ்சு மட்டும் இருக்கும், தலைகூட இருக்காது. கிண்டிலில் படிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காந்திபுரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு வெறும் எழுத்துதான் தெரியும்.

காகிதப் புத்தகமாக நான் வாங்கியது ஒன்றுதான், இ.எம். ஃபார்ஸ்டரின் 'மாரிஸ்'. 1913-14இலேயே எழுதிவிட்டு மனிதர் வெளியிடாமல் வைத்துக்கொண்டார். அச்சுக்கு வந்தது 1971இல், அவர் இறந்த அடுத்த வருஷம். ஒரு பையன் தூக்கில் தொங்குவதாக முடித்திருந்தால் சிக்கலே இருந்திருக்காது, சந்தோஷமாக முடித்ததுதான் தொல்லை என்று பின்குறிப்பில் அவரே சொல்கிறார். மாரிஸ் ஒரு பங்குத் தரகன். ஆண்கள்மேல் தனக்கு வரும் ஆசையைக் குணப்படுத்த வேண்டுமென்று குடும்ப டாக்டரிடம் போகிறான். அவர் காதுகொடுத்தே கேட்பதில்லை. பிறகு ஒரு மனோவசிய வைத்தியர். அவர் முயன்று பார்த்துவிட்டு, பிரான்சுக்கோ இத்தாலிக்கோ போய்விடேன், அங்கே இது குற்றமில்லை என்கிறார். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு ஒருவர் இதற்கென்றே லேகியம் கொடுத்தார். சுக்கு வாசனை அடிக்கும். பாட்டில் காலியாகும்வரை ஒழுங்காகச் சாப்பிட்டேன், நல்ல பசி எடுத்ததுதான் மிச்சம்.

குறையும் உண்டு. முதல் பாதி முழுக்கக் கேம்பிரிட்ஜ், பிளேட்டோ, கிளைவ் என்ற பணக்கார நண்பனின் தத்துவம் என்று இழுக்கிறது. வேட்டைக்காட்டைக் காக்கிற அலெக் ஏணி வைத்து ஜன்னல் வழியாக ஏறி வந்த பிறகுதான் புத்தகத்துக்கு மூச்சே வருகிறது. அவன் அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏற வேண்டிய நாளில் சவுதாம்ப்டன் துறைமுகத்தில் மாரிஸ் நிற்கிறான். ஆள் வரவில்லை. வராத ஒருவனுக்காக ஒருவன் முகம் மலர்ந்து நிற்பதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இதற்கு நேர் எதிர், எவரினா மேக்ஸ்வெல்லின் 'விண்டர்ஸ் ஆர்பிட்' (2021). விண்வெளிப் பேரரசு, விண்கலம் எல்லாம் இருக்கிறது, ஆனால் அடியில் ஓடுவது பெரியவர்கள் நிச்சயித்த கல்யாணம். பேரரசியான பாட்டி இளவரசன் கியெமைக் கூப்பிட்டு, ஜெய்னனைக் கட்டிக்கொள் என்கிறார். ஜெய்னனின் புருஷன் இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது, இறந்தவன் கியெமுக்கு உறவுக்காரன். ஜெய்னனின் கிரகத்தோடு பேரரசு போட்ட ஒப்பந்தம் முறியாமல் இருக்க இந்த ஏற்பாடு. அண்ணன் போன இடத்தில் தம்பியை நிறுத்துவது நமக்குக் கேள்விப்படாத விஷயமா என்ன? ஆனால் "இரண்டும் ஆணாயிற்றே" என்று அந்த உலகத்தில் ஒருவர்கூட வாய் திறப்பதில்லை. முதல் ஐம்பது பக்கம் நான் அந்த வசனத்துக்காகக் காத்திருந்தேன். வரவேயில்லை. எதிர்க்க ஊரே இல்லாதபோது கதை எதை வைத்து நகரும்? இவர்களை வைத்துத்தான். இவன் நம்மைச் சகித்துக்கொள்கிறான் என்று அவன் நினைக்க, அவன் கடமைக்கு இருக்கிறான் என்று இவன் நினைக்க, ஓயாமல் பேசுகிறவனுக்கும் எதற்கும் அனுமதி கேட்கிறவனுக்கும் நடுவே ஒரு கட்டில். ஜெய்னன் ஏன் அப்படி ஒடுங்கிப் போயிருக்கிறான் என்பது மெல்ல மெல்லத் தெரியவரும்போது நெஞ்சு கனக்கிறது. ராணுவத் திட்டத்தில் பணக் கையாடல் என்று ஒரு கிளைக்கதையும் உண்டு. ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற எனக்கு அதில் அவ்வளவு திருப்தியில்லை, வவுச்சரைக் காட்டாமலே முடித்துவிட்டார்கள்.

துப்பறியும் வகையில் ஜாஷ் லேன்யனின் ஏட்ரியன் இங்க்லிஷ் வரிசை. என் கடைசிப் பக்க வித்தை பலிக்காமல் போனது இங்கேதான். பாசடீனாவில் புத்தகக் கடை வைத்திருக்கும், இருதயம் பலவீனமான ஏட்ரியன், ஊருக்குத் தெரியாமல் ஒளித்து வாழும் போலீஸ்காரன் ஜேக். முதல் புத்தகம் முடிகிறது, கொலைகாரன் பிடிபடுகிறான், காதல் மட்டும் அந்தரத்தில். ஐந்தாவது புத்தகம் வரை இழுத்தடித்தார்கள். நடுவில் ஜேக் ஒரு பெண்ணைக் கல்யாணம் வேறு செய்துகொள்கிறான். கிண்டிலைக் கவிழ்த்து வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று முகங்கள் வந்துபோயின. கொலைக்காகப் படிக்கிறவர்களுக்கு இது சுமார்தான். ஜேக்குக்காகப் படியுங்கள்.

ரேச்சல் ரீடின் 'ஹீட்டட் ரைவல்ரி' (2019) ஐஸ் ஹாக்கி. எனக்கு ஹாக்கி என்றால் புல்தரை ஹாக்கி, அதுவும் அரைகுறை. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பரம எதிரிகளென்று பத்திரிகைகள் எழுதும் கனடாக்காரன் ஷேனும் ரஷ்யாக்காரன் இல்யாவும் ஓட்டல் அறைகளில் வருஷக்கணக்காகச் சந்திக்கிறார்கள். போனில் ஒருவன் பெயர் 'ஜேன்', இன்னொருவன் 'லில்லி'. இந்த ஒரு விவரத்துக்கே முழு மதிப்பெண் போடுவேன். என் போனில் ஒரு எண் ஆறு வருஷம் 'கேஸ் ஏஜென்சி' என்றுதான் இருந்தது. படுக்கையறைக் காட்சிகள் ஏராளம், பஸ்ஸில் படிக்க வேண்டாம்.

டி.ஜே. க்ளூனின் 'த ஹவுஸ் இன் த செருலியன் சீ' எனக்குச் சர்க்கரை ஜாஸ்தி. ஆனாலும் நாற்பது வயது, பூனை, அரசாங்க வேலை என்று ஒரு கதாநாயகன் கிடைப்பது லேசில்லை.

மேட்லின் மில்லரின் 'த சாங் ஆஃப் அகிலீஸ்' ரொமான்ஸ் விதிக்குள் அடங்காது. கிரேக்க இதிகாசத்தின் ட்ராய் போரில் யார் சாவார்கள் என்பது ஊரறிந்தது, கடைசிப் பக்கம் பார்க்கவே தேவையில்லை. அகிலீஸ் அத்திப்பழங்களைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடிக்கொண்டே ஒன்றை, பின்னாளில் தன் காதலனாகப்போகிற பெட்ரோக்ளஸிடம் வீசுகிறான். முடிவு தெரிந்தவனுக்கு அந்தப் பழம் தொண்டையில் நிற்கிறது.

எதில் தொடங்குவது என்று கேட்டால் 'விண்டர்ஸ் ஆர்பிட்'. 'மாரிஸ்' இரவல் கேட்காதீர்கள். என் பிரதியை ஒரு நண்பனுக்குக் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. மனைவி ஊருக்குப் போயிருந்த வாரத்தில் வந்து வாங்கிக்கொண்டு போனான். திருப்பிக் கேட்கவில்லை.