அயர்ன்பிரிட்ஜ்: மேலே நடந்துவிட்டு அப்படியே திரும்பாதீர்கள்

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருக்கும் பெரியவர்கள் ஒரு பகல் போய்வர நல்ல இடம், ஷ்ராப்ஷயரில் உள்ள அயர்ன்பிரிட்ஜ். காரில் சுமார் ஒரு மணி நேரம். ரயில் என்றால் டெல்ஃபோர்ட் சென்ட்ரலில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஊருக்குப் பெயர் தந்த பழைய இரும்புப் பாலம்தான் பார்க்க வேண்டியது. அதில் நடக்கக் கட்டணம் இல்லை. 1934-லேயே வண்டிகளை நிறுத்திவிட்டதால், நடுப்பாலத்தில் நிம்மதியாக நிற்கலாம்.

ஆனால் மேலே நின்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. கைப்பிடிக் கம்பி, கீழே செவர்ன் ஆறு, செல்ஃபி எடுக்கிற கூட்டம், அவ்வளவுதான். என் மருமகனும் "இதுக்கா மாமா இவ்வளவு தூரம்?" என்றார். சரி வாங்க என்று ஆற்றங்கரைப் பாதைக்கு இறக்கிக் கூட்டிப்போனேன்.

நான் பவுண்டரியில், அதாவது வார்ப்பு ஆலையில், பேட்டர்ன் (மணலில் அச்சு எடுக்க உதவும் மாதிரி வடிவம்) செய்து பிழைத்தவன். அடியில் நின்று அண்ணாந்து பார்த்ததும் எனக்குத் தோன்றியது, இது கொல்லன் வேலையே இல்லை, தச்சன் வேலை. ஒரு துண்டின் துளைக்குள் இன்னொன்றின் கழுந்து (முனை) நுழைந்திருக்கிறது, புறாவின் வால்போல் விரிந்த புறாவால் வெட்டு இருக்கிறது, இடைவெளியில் ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறார்கள். போல்ட், ரிவெட் எல்லாம் தேடித்தான் பார்க்க வேண்டும். காரணம் எளிது. 1779-இல் இதை எழுப்பியபோது இந்த அளவுக்கு இரும்புப் பாலம் கட்டிய அனுபவம் யாருக்கும் இல்லை. மரத்தில் தெரிந்த வித்தையை இரும்பில் போட்டுப் பார்த்தார்கள்.

வளைவின் பெரிய விலாக்கள் ஐந்து. ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக வார்த்தது, ஒரு பாதியே சுமார் 70 அடி நீளம். திறந்த மணல் அச்சில் ஊற்றியதால் ஒரு முகம் வழவழப்பு, மறுமுகம் கரடு. பெயின்டுக்கு அடியிலும் ப்ளோஹோல் குழிகள் (வார்க்கும்போது காற்று சிக்கி விழும் ஓட்டைகள்) கண்ணில் படுகின்றன. எங்கள் இன்ஸ்பெக்டர் பார்த்திருந்தால் பாதியை ரிஜெக்ட் செய்திருப்பார்! ஒரே மாதிரி இருக்க வேண்டிய துண்டுகள் சில சென்டிமீட்டர் வித்தியாசப்படுகின்றன. அந்தந்த இடத்துக்குப் பொருந்துகிற மாதிரி தனித்தனியாக வார்த்திருக்கிறார்கள். இப்படி ஏறத்தாழ 1,700 துண்டுகள், 380 டன் இரும்பு.

வார்ப்பிரும்பு இழுத்தால் விண்டுபோகும், அமுக்கினால் மலை மாதிரி தாங்கும். வளைவில் பெரும்பாலும் அமுக்கம்தான் என்பதால் அதற்கேற்ற வடிவம். பழைய விரிசல்களுக்குப் பட்டை போட்டிருப்பதையும் பார்க்கலாம். இரண்டு கரையும் மெல்ல மெல்ல ஆற்றை நோக்கி நெருக்குவதால் வந்த வினை அது. 1970-களில் ஆற்றடியில் கான்கிரீட் முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்தினார்கள். 1795 வெள்ளத்தில் செவர்ன் மேல் இருந்த மற்ற பாலங்கள் அடிபட்டபோதும் இது அசையவில்லை.

வரைந்தவர் தாமஸ் பிரிட்சர்ட், வேலை தொடங்கிய 1777-லேயே இறந்துவிட்டார். வார்த்துக் கட்டியவர் மூன்றாம் ஆபிரகாம் டார்பி. செலவு மதிப்பீட்டைத் தாண்டிப் போக, கூடுதல் பணம் அவர் தலையில் விழுந்தது. கடைசிவரை கடன்காரராகவே இருந்தார். எனக்கு அவர்மீதுதான் பரிதாபம்.

சாம்பல் நிறத்தில் பழைய போட்டோக்களைப் பார்த்தவர்கள் குழம்ப வேண்டாம். 2018 பராமரிப்பில், ஆதியில் இருந்த செம்பழுப்பு நிறத்துக்கே மாற்றிவிட்டார்கள். வெயிலில் பார்க்க நன்றாகவே இருக்கிறது.

தென்கரையில் பழைய சுங்கச் சாவடி இருக்கிறது. அங்குள்ள கட்டணப் பலகையை விடாமல் படியுங்கள். நடந்து போகிற ஆளுக்கு அரை பென்னி, பன்றிக்கும் ஆட்டுக்கும் அதே அரை பென்னி. இது தனியார் சொத்து, எனவே ராணுவத்தினரும் அரச குடும்பமும்கூடக் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்று அடியில் ஒரு குறிப்பு! 1950 வரை வசூல் நடந்திருக்கிறது.

நேரம் இருந்தால் பக்கத்தில் கோல்புரூக்டேல் இரும்பு அருங்காட்சியகம். 1709-இல் டார்பியின் தாத்தா மரக்கரிக்குப் பதில் கோக் (நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் எரிபொருள்) போட்டு இரும்பு உருக்கிய பழைய உலை அங்கே இருக்கிறது. அதற்கு டிக்கெட் உண்டு.

பாலத்துக்கு ஐந்துக்கு ஐந்து. நாங்கள் நுழைந்த டீக்கடைக்கு ஒன்றரை: ஆறிப்போன டீ, காய்ந்த கேக், அதற்கு வாங்கிய காசு வேறு. தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய்க் கரையோரம் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மழை பெய்த மறுநாள் என்றால் கீழ்ப்பாதை சேறாக இருக்கும், செருப்போடு இறங்காதீர்கள்.