பூச்சிப் புரத நாய் உணவு: மணிக்கு ஒத்துக்கொண்டது, ஆனால் லேபிளைப் படித்து வாங்குங்கள்

எங்கள் நாய் மணிக்குக் காது எப்போதும் சிவந்திருக்கும். பாதத்தை நக்கி நக்கி விரலிடுக்கில் முடியே இல்லை. கோழி ஒத்துக்கொள்ளவில்லையோ என்று சந்தேகப்பட்ட மருத்துவர், அவன் இதுவரை தின்றே இராத புரதத்துக்கு மாற்றச் சொன்னார். அப்படித்தான் பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்கிற ஈயின் புழுவை அரைத்துச் செய்த இந்த உணவு வீட்டுக்கு வந்தது.

வாங்கும் முன் பல பைகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பையின் முன்பக்கம் 'பூச்சிப் புரதம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பின்பக்கத்தில் பூச்சி மாவுக்கு அடுத்ததே கோழி மாவு. அலர்ஜி உள்ள நாயை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய அநியாயம். நான் வாங்கியதில் விலங்குப் புரதம் பூச்சி மட்டுமே. கூடவே உருளைக்கிழங்கு, பட்டாணி.

பையைத் திறந்தால் வறுத்த வேர்க்கடலை மாதிரி ஒரு வாசனை. கரும்பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள். மணி முதலில் முகர்ந்துவிட்டு நகர்ந்தான். வெந்நீர் தெளித்து ஊறவைத்ததும் தட்டைக் காலி செய்தான். ஆரம்பத்தில் கொஞ்சம் வாயுத் தொல்லை இருந்தது. பழைய உணவோடு கலந்து, அளவை மெதுவாகக் கூட்டியதில் சரியாகிவிட்டது. மலம் இறுகலாக, அள்ளுவதற்குச் சுலபமாகப் போகிறான்.

சொறி ஒரே வாரத்தில் போய்விடாது. உணவை மாற்றிப் பார்க்கும் இந்தச் சோதனைக்குக் குறைந்தது 8 வாரமாவது வேண்டும். அதுவரை வேறு பிஸ்கட், எலும்பு எதுவும் கூடாது. நாங்கள் கண்டிப்பாக இருந்தோம். இப்போது காதில் சிவப்பு இல்லை, விரலிடுக்கில் முடி முளைத்திருக்கிறது. அதைத் தடவிப் பார்க்கையில் எனக்கு எவ்வளவு நிம்மதி!

"புழுவையா போடுறீங்க?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு: இந்தப் புழுவை இதற்கென்றே பண்ணையில் வளர்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்குச் சாணமோ ஓட்டல் கழிவோ போடச் சட்டமே இடம் தராது. அமெரிக்காவில் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அமைப்பான ஆஃப்கோ, வளர்ந்த நாய்களின் உணவில் இதைச் சேர்க்கலாம் என்று 2021-இல் ஏற்றுக்கொண்டது.

பையில் போட்டிருக்கும் புரதச் சதவீதத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கித்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். பூச்சியின் ஓட்டிலுள்ள கைட்டின் என்ற, புரதம் அல்லாத பொருளிலும் நைட்ரஜன் இருப்பதால் கணக்கு கொஞ்சம் கூடிவிடும். இந்தப் புழுவுக்கு 4.76 ஆல் பெருக்குவதே சரி என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அதனால், அந்த உணவு மட்டுமே நாய்க்குப் போதும் என்று சொல்லும் 'முழுச் சத்துணவு' என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற விளம்பரத்துக்கு நான் முழு மதிப்பெண் தர மாட்டேன். காய்கறிக் கழிவில் வளர்ந்த புழு என்றால் சரி. கோழிக்குப் போடக்கூடிய தானியத்தையே புழுவுக்கும் போட்டால் லாபம் எங்கே? எதைப் போட்டு வளர்த்தார்கள் என்று இந்தப் பையில் ஒரு வரிகூட இல்லை.

பையின் ஜிப்பும் மோசம், சரியாக மூடுவதில்லை. கொழுப்புள்ள உணவு, காற்றுப் பட்டால் காறிவிடும். நான் டப்பாவில் கொட்டி வைக்கிறேன்.

இறால், நண்டு, தூசிப்பூச்சி அலர்ஜி உள்ள நாய்க்கு இதுவும் சேராமல் போகலாம், மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் இதையே பங்கு வைக்காதீர்கள். பூனைக்கு உணவிலேயே டாரின் என்ற சத்து கிடைத்தாக வேண்டும், அதற்கென்று செய்த உணவைத்தான் வாங்க வேண்டும்.

5-க்கு 4 கொடுக்கிறேன். மணிக்கு அடுத்த பையும் இதுதான்.